ரேடியோவில் கோளாறு இல்லை, நேரம்தான் சரியில்லை

அக்கா மகன் ஒரு சின்ன சிற்றலை (ஷார்ட் வேவ்) ரேடியோ வாங்கினான். பெட்டியைப் பிரித்து, பேட்டரியைப் போட்டு, ஏரியலை முழுசாக நீட்டி, ஹால் சோபாவில் உட்கார்ந்து அரைமணி நேரம் திருகிப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு எனக்கு போன் செய்தான். "மாமா, இது டெட் பீஸ் போல. ஒரே கொர்ர்ருனு சத்தம். ரிட்டர்ன் போட்டுடவா?"

எங்கே ட்யூன் செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் என்றான். பக்கத்தில் என்னென்ன ஓடுகிறது? லேப்டாப் சார்ஜர், டிவி, தலைக்கு மேலே எல்.இ.டி பல்பு. சரி, ரேடியோ நன்றாகத்தான் வேலை செய்கிறது, அந்தக் கொர்ர் சத்தமே அதற்குச் சாட்சி, சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் வை என்றேன். ஏழேகாலுக்கு மறுபடி போன் வந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் சீன மொழியில் பாடிக்கொண்டிருந்தார்.

புதிதாக வாங்குகிறவர்கள் கைவிடுகிற இடம் இதுதான். எஃப்.எம் கேட்டுப் பழகிய நமக்கு ரேடியோ என்றால் பொத்தானை அமுக்கினால் பாட்டு வர வேண்டும். சிற்றலை அப்படி இல்லை, மீன் பிடிப்பது மாதிரி. எந்த நேரத்தில் எந்த ஆழத்தில் தூண்டில் போட வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரேடியோவிலும் சிக்கும். தெரியாவிட்டால் இருபதாயிரம் ரூபாய் ரேடியோவிலும் அந்த மதிய நேரத்துக் கொர்ர்தான். ஆகவே பொத்தான்களைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அலை எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எஃப்.எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோபுரத்திலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர், அதற்கு மேல் பூமி வளைந்துவிடுகிறது, அலை வானத்தைப் பார்க்கப் போய்விடுகிறது. சிற்றலை என்று நாம் சொல்வது 3 மெகாஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளை. இவையும் வானத்தைப் பார்க்கத்தான் போகின்றன, ஆனால் தொலைந்துபோவதில்லை. நமக்கு மேலே, சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கிச் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரைக்கும், சூரிய ஒளி பட்டுக் காற்றின் அணுக்கள் மின்னூட்டம் பெற்றுக் கிடக்கின்றன. இதற்கு அயனி மண்டலம் என்று பெயர். சிற்றலை அங்கே போய் வளைந்து திரும்பித் தரைக்கு வருகிறது, தரையில் பட்டு மறுபடி மேலே போகிறது, மறுபடி கீழே. கேரம் போர்டில் காய் கட்டையில் பட்டுப் பட்டு எதிர்மூலைக்குப் போகிற மாதிரி. ஒரு தாவலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலும் தாண்டும். லண்டனிலிருந்து சென்னைக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம், மூன்று தாவலில் வந்துவிடலாம். இப்படி ஓர் அடுக்கு மேலே உண்மையாகவே இருக்கிறது என்பதை 1924-இல் சோதனை செய்து காட்டியவர் எட்வர்ட் ஆப்பிள்டன், அதற்காக 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அயனி மண்டலம் ஒரே தட்டு இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. நமக்கு இரண்டு அடுக்குகள் தெரிந்தால் போதும். உயரத்தில், 200 கிலோமீட்டருக்கும் மேலே, எஃப் அடுக்கு. அலையைத் திருப்பி அனுப்புகிற நல்ல பிள்ளை அதுதான். கீழே 60 முதல் 90 கிலோமீட்டரில் டி அடுக்கு. இது எதையும் திருப்பி அனுப்பாது, நனைந்த சாக்கு மாதிரி அலையை உறிஞ்சிக்கொள்ளும். அதிலும் அதிர்வெண் குறைவான அலை என்றால் முழுசாக விழுங்கிவிடும். ஆனால் டி அடுக்கு சூரியன் இருக்கும்வரைதான் இருக்கும், பொழுது சாய்ந்ததும் கரைந்துபோகும். எஃப் அடுக்கு ராத்திரியும் தங்கும், கொஞ்சம் வலு குறைந்து.

இப்போது மதியம் இரண்டு மணிக்கு 6 மெகாஹெர்ட்ஸில் ஏன் ஒன்றும் வரவில்லை என்பது புரிந்திருக்கும். அந்த அலைகளை டி அடுக்கு குடித்துவிட்டது. அதே பகலில் 15 அல்லது 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போயிருந்தால் ஏதாவது சிக்கியிருக்கும், ஏனென்றால் அதிர்வெண் கூடக்கூட டி அடுக்கின் உறிஞ்சல் குறையும். ராத்திரியில் நிலைமை தலைகீழ். எஃப் அடுக்கு வலுவிழந்திருப்பதால் 17 மெகாஹெர்ட்ஸ் அலை அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும், 5, 6, 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அழகாகத் திரும்பி வரும். பகலில் பெரிய எண், ராத்திரியில் சின்ன எண். இந்த ஒரு வரியை மட்டும் ரேடியோவின் முதுகில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை, நான் ஒட்டியிருக்கிறேன்.

நடுவில் இருக்கிற 9, 11 மெகாஹெர்ட்ஸ்தான் எல்லாருக்கும் நல்லவர்கள். பகலிலும் ஓரளவு வருவார்கள், ராத்திரியிலும் வருவார்கள். எதுவும் யோசிக்கப் பிடிக்காத நாளில் நேராக அங்கே போய்விடுவேன்.

பழைய ரேடியோக்களில் மெகாஹெர்ட்ஸை விட மீட்டர்தான் பெரிதாக எழுதியிருக்கும். 25 மீட்டர், 31, 41, 49 என்று. நம் அப்பாக்கள் காலத்தில் இலங்கை வானொலி எத்தனை மீட்டரில் வரும் என்று பேசிக்கொண்டது இந்தக் கணக்கில்தான். இது அலையின் நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். 9.7 மெகாஹெர்ட்ஸ் என்றால் 300-ஐ 9.7-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 31 மீட்டர். 12 மெகாஹெர்ட்ஸ் 25 மீட்டர். சிற்றலை முழுக்க வானொலி நிலையங்கள் பரவிக் கிடக்கவில்லை, இந்த மீட்டர் பட்டைகளுக்குள்தான் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. 49 மீட்டர் என்பது 5.9 முதல் 6.2 மெகாஹெர்ட்ஸ் வரை, 41 என்பது 7.2 முதல் 7.45, 31 என்பது 9.4 முதல் 9.9, 25 என்பது 11.6 முதல் 12.1, 19 என்பது 15.1 முதல் 15.8, 16 என்பது 17.5 முதல் 17.9. நடுவில் இருக்கிற இடங்களில் கப்பல், விமானம், ராணுவம், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக ரேடியோவில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்கள்) என்று வேறு ஆட்கள். 8 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்து பாட்டு தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அப்புறம் ஒரு சின்னக் குழப்பம். டிஜிட்டல் ரேடியோவில் 9410 என்று காட்டினால் அது கிலோஹெர்ட்ஸ், அதாவது 9.41 மெகாஹெர்ட்ஸ், இரண்டும் ஒன்றுதான். எந்த நிலையம் எந்த நேரத்தில் எங்கே வரும் என்று சொல்கிற பட்டியல்களில் பெரும்பாலும் கிலோஹெர்ட்ஸ்தான் போட்டிருப்பார்கள்.

பட்டியல் என்றதும் கடிகாரப் பிரச்சினை வந்துவிடுகிறது. சிற்றலை உலகத்தில் எல்லா நேரமும் யுடிசி நேரம், பழைய பெயரில் சொன்னால் கிரீன்விச் நேரம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். இரவு 7.30 நமக்கு, யுடிசியில் 14.00. இந்த அரைமணி நேரத்தால் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தில் பெரும்பாலான நிலையங்கள் மணி அடிக்கும்போது நிகழ்ச்சியைத் தொடங்கும், ஆனால் அவர்களுடைய மணி நமக்கு அரைமணி. ஆகவே 7.00-க்குக் காத்திருக்காதீர்கள், 7.28-க்குப் போய் உட்காருங்கள். ஒலிபரப்பு தொடங்குவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்துவிடுவார்கள். கரகரப்பு சட்டென்று அடங்கி ஒரு மௌனம் வரும், அப்புறம் ஒரு சின்ன இசைத்துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும், அப்புறம் நிலையத்தின் பெயர். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் இல்லை. எனக்கென்னவோ நிகழ்ச்சியைவிட அந்த மௌனம்தான் பிடிக்கும். எங்கேயோ ஒருவர் ஒரு ஸ்விட்சைப் போட்டிருக்கிறார், நம் மொட்டை மாடியில் சத்தம் அடங்குகிறது.

ரேடியோவில் கடிகாரம் இருந்தால் அதை யுடிசியில் வைத்துவிடுங்கள், கையில் இருக்கிற போன் நம் நேரத்தைக் காட்டிக்கொள்ளட்டும். அலைவரிசைப் பட்டியலைப் பொறுத்தவரை ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாம் மாறும், மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. கோடையில் ஓடுகிற அலைவரிசை குளிர்காலத்தில் எடுபடாது என்பதால் இந்த ஏற்பாடு. கோடைப் பட்டியலுக்கு ஏ என்றும் குளிர்காலப் பட்டியலுக்கு பி என்றும் பெயர், ஆண்டையும் சேர்த்து ஏ25, பி25 என்று எழுதுவார்கள். எய்பி என்கிற இலவசப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது, நேர வரிசையிலும் அலைவரிசை வரிசையிலும். நேற்றுவரை வந்த ஸ்டேஷன் இன்றைக்குக் காணோம் என்றால் ரேடியோவைத் தட்டுவதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். சிற்றலையின் முதல் எதிரி தூரம் இல்லை, நம் வீட்டு பிளக் பாயிண்ட். மலிவான எல்.இ.டி பல்பு, போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், இவை எல்லாம் உள்ளே மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன ரேடியோ அலை. பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி நூலிழையாக வருகிற சிக்னல் ஒரு பக்கம், இரண்டடி தூரத்தில் சார்ஜர் போடுகிற கூச்சல் ஒரு பக்கம். யார் ஜெயிப்பார்?

ஒரு சாயங்காலம் இதைச் செய்து பாருங்கள். ரேடியோவை 49 மீட்டர் பட்டையில் ஸ்டேஷன் இல்லாத ஓர் இடத்தில் வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குரல் இருப்பது தெரியும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் பக்கம் போனால் வண்டு ரீங்காரம், பூஜை அறையில் இருக்கிற சீரியல் லைட் பக்கம் போனால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. மாதக்கணக்கில் 31 மீட்டரை நாசம் செய்துகொண்டிருந்த ஒரு சத்தத்தைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது கொசு மட்டையை. சார்ஜில் போட்டு மறந்துபோன கொசு மட்டை! அதைப் பிடுங்கிய அன்றைக்கு வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ரேடியோவையும் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். சார்ஜ் ஏறும்போதே கேட்டால் சார்ஜரின் கூச்சலும் கேபிள் வழியாகவே உள்ளே வந்துவிடும். மின்வெட்டு வந்தால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், சிற்றலைக்காரனுக்கு மட்டும் அது பண்டிகை. தெரு முழுக்க இருட்டானதும் ரேடியோவில் கரகரப்பு அப்படியே கீழே இறங்கும், அதுவரை இல்லாத ஸ்டேஷன்கள் எல்லாம் எட்டிப்பார்க்கும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும்வரை.

மாடிக்குப் போக முடியாதவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். அப்பார்ட்மெண்ட் சுவருக்குள் இருக்கிற இரும்புக்கம்பி சிக்னலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஐந்தாறு மீட்டர் ஒற்றை வயர், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற சாதாரண வயரே போதும், ஒரு முனையில் இன்சுலேஷனைச் சீவிவிட்டு ஏரியல் மேல் ஒரு கிளிப்பால் பிடித்து, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டால் வித்தியாசம் உடனே தெரியும். நான் பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பியில்தான் கிளிப்பை மாட்டுகிறேன், ஈரத்துணி இருந்தாலும் வேலை செய்கிறது. வயர் மின்கம்பி எதன் பக்கத்திலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம்.

வயர் நீளமாக நீளமாக நல்லது என்று நினைத்து இருபது முப்பது மீட்டர் கட்டுகிறவர்கள் உண்டு. கையடக்க ரேடியோவுக்கு அது அஜீரணம். பலமான ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று கலந்து, இருக்கக் கூடாத இடத்தில் எல்லாம் கேட்கும். அப்போது பக்கவாட்டில் டிஎக்ஸ் (தூரத்து நிலையம்), லோக்கல் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால், அதை லோக்கலுக்குத் தள்ளுங்கள், இல்லை வயரைக் குறையுங்கள்.

மத்திய அலையில் (மீடியம் வேவ்) மட்டும் கதை வேறு. அதற்கு ஏரியலாக ரேடியோவுக்கு உள்ளேயே ஒரு ஃபெர்ரைட் கட்டை இருக்கிறது, மேலே நீட்டுகிற ஏரியல் அதற்குப் பயன்படாது. ரேடியோவைத்தான் திருப்ப வேண்டும். இன்னொன்று, இறக்குமதி ரேடியோக்களில் மத்திய அலை 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகரக்கூடும், அது அமெரிக்கக் கணக்கு. நம் பக்கம் 9. அதை மாற்றாவிட்டால் தூத்துக்குடி 1053-ஐயோ, இலங்கையின் புத்தளத்திலிருந்து வருகிற 882-ஐயோ தானியங்கித் தேடல் சரியாகப் பிடிக்காது, 1050-க்கும் 1060-க்கும் நடுவில் தாண்டிக் குதித்துவிடும்.

சரி, பொத்தான்கள். எண்களை நேராக அடிக்க முடிகிற ரேடியோவாக இருந்தால் பட்டியலைப் பார்த்து அடித்துவிடலாம். இல்லாவிட்டால் ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாகத் திருகிக்கொண்டே போங்கள், ஒலிபரப்பு நிலையங்கள் பெரும்பாலும் 5-இல் அல்லது 0-வில் முடிகிற எண்ணில்தான் உட்கார்ந்திருக்கும். தானாகத் தேடிச் சேமிக்கிற வசதி பல டிஜிட்டல் ரேடியோக்களில் உண்டு, ஆனால் அது பலமானவற்றை மட்டும்தான் பிடிக்கும், மெலிந்த குரல்களை விட்டுவிடும். அதைப் பகலில் ஓட்டிவிட்டு நாலு ஸ்டேஷன்தான் வருகிறது என்று சொல்லக் கூடாது. பேண்ட்வித் என்று ஒரு பொத்தான் இருந்தால் அதுதான் உங்கள் சல்லடை. 6 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் குரல் நிறைவாக இருக்கும், பக்கத்து ஸ்டேஷனும் சேர்ந்து வரும். 3 அல்லது 2 வைத்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகும், ஆனால் பக்கத்து ஆள் விலகிவிடுவார். நான் 4-இல் தொடங்கித் தேவைப்பட்டால் குறைப்பேன்.

ஒலி அலை அலையாக ஏறி இறங்குவதைப் பார்த்துப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே நிலையத்தின் அலை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தாவித் தாவி வந்து சேர்கிறது. சில சமயம் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், சில சமயம் ஒன்றையொன்று அழிக்கும். எஃப் அடுக்கு நிலையாக நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பதால் இந்தக் கூட்டல் கழித்தலும் மாறிக்கொண்டே இருக்கும். அலை தாவித் தாவிப் போவதால்தான் தாவலுக்கு நடுவில் இருக்கிற ஊர்களுக்கு ஒன்றும் கேட்காமல் போவது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நன்றாக ஒலிக்கிற சிற்றலை, டிரான்ஸ்மிட்டருக்கு இருநூறு கிலோமீட்டரில் இருக்கிறவனுக்குக் கேட்காது. தலைக்கு மேலேயே தாண்டிப் போய்விட்டது.

சூரியனும் அவ்வப்போது விளையாடுவார். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி 2024-இல் உச்சத்துக்கு வந்தது. புள்ளிகள் அதிகமான ஆண்டுகளில் எஃப் அடுக்கு வலுவாக இருக்கும், 17, 21 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் உயிர்பெறும். அதே ஆண்டுகளில்தான் சூரியப் பிழம்பு வெடித்துப் பகல் பக்கத்தில் சிற்றலை சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம்போல மொத்தமாக அணைந்துபோவதும் நடக்கும். 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் வந்த காந்தப்புயல் அபாரமானது, லடாக்கில் ஹான்லே வானத்தில் செந்நிற ஒளி தெரிந்தது அந்த ராத்திரியில்தான்.

என்னதான் கேட்கும் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நம் அப்பாக்கள் கேட்ட சிற்றலை இப்போது இல்லை. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையை விட்டது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு ஜனவரியில் நிறுத்தியது. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஒலிபரப்பு ஏறக்குறைய முழுவதும் நின்றது. இன்றைக்குச் சாயங்காலம் டயலைச் சுற்றினால் சீன மொழிதான் அதிகம் காதில் விழும். அதற்கு நடுவில் பிபிசி ஆங்கிலம், ஜப்பான், கொரியா, ருமேனியா, ராணுவ அணிவகுப்பு இசையோடு வட கொரியா, அரபு மொழிப் பாடல்கள், பைபிள் வாசிப்புகள். தமிழில் 1963-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய சீன வானொலியையும், கிறித்தவ நிலையங்களின் தமிழ் நிகழ்ச்சிகளையும் அந்தந்தப் பருவத்துப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

முதல்முறை கேட்பவர்களுக்கு நான் சொல்வது 10000 கிலோஹெர்ட்ஸ். அங்கே பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. நொடிக்கு ஒரு டிக். சீனாவின் பிபிஎம் என்கிற நேர நிலையம் அது. ஒவ்வொரு அரைமணி முடிவதற்குச் சற்று முன்பு மோர்ஸில் தன் பெயரைத் தட்டும், அப்புறம் ஒரு பெண் குரல் சீன மொழியில் அறிவிக்கும். இன்றைக்கு வானம் ஒத்துழைக்கிறதா என்று பார்க்க இதுதான் என் நாடித்துடிப்பு. டிக் நன்றாகக் கேட்டால் 31 மீட்டரில் நல்ல வேட்டை இருக்கும்.

ரேடியோவில் எஸ்.எஸ்.பி என்று ஒரு பொத்தான் இருந்தால் இன்னொரு உலகமே திறக்கும். மூக்கடைத்த வாத்து பேசுகிற மாதிரி ஒரு குரலை எங்காவது கேட்டிருப்பீர்கள். அது கெட்டுப்போன ஒலிபரப்பு இல்லை, எஸ்.எஸ்.பி. மின்சாரத்தையும் இடத்தையும் மிச்சப்படுத்த அலையின் ஒரு பாதியை மட்டும் அனுப்புகிறார்கள், விட்டுப்போனதை நம் ரேடியோ சேர்த்துக்கொள்ள வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டு, மெல்ல மெல்ல, கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே பத்துப் பத்து ஹெர்ட்ஸாகத் திருக வேண்டும். வாத்து சட்டென்று மனிதராகிவிடும். காலையில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள் எல்.எஸ்.பி-யில் (அலையின் கீழ்ப்பாதி) வைத்துத் தேடினால் நம் நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புப் பெயர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள், மலையாளமும் தமிழும் காதில் விழும். பெரும்பாலும் மழை, ஏரியல், உடம்பு எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. 6676, 11387 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் யு.எஸ்.பி-யில் (அலையின் மேல்பாதி) மும்பை, கொல்கத்தா, பாங்காக், சிங்கப்பூர் என்று ஒவ்வொன்றாக விமான நிலைய வானிலையை வாசிக்கும். காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை. சலிப்பூட்டும்தான், ஆனாலும் நான் அடிக்கடி கேட்கிறேன்.

எந்த ரேடியோ வாங்கலாம் என்பதை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். முள் நகர்கிற மலிவு ரேடியோக்களில் பல பட்டைகள் எழுதியிருக்கும், ஒரு பலமான ஸ்டேஷன் அதன் உண்மையான இடத்திலும் 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் இரண்டு தடவை கேட்கும், பாதி ஸ்டேஷன் பிம்பம். அதில் எண் தெரியாததால் பட்டியலோடு ஒப்பிடவும் முடியாது. எஸ்.எஸ்.பி வேண்டும் என்றால் டெக்சன் பிஎல்-330, எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 போன்றவை கையடக்கமான அளவில் கிடைக்கின்றன. பிஎல்-330-க்குப் பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி பேட்டரியே பொருந்தும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம், மேஜை டிராயரில் மூன்று கிடந்தன. எஸ்.எஸ்.பி வேண்டாம் என்றால் பிஎல்-310ஈடி போதும். வாங்குவதற்கு முன் சிற்றலை எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கிற ரிசீவரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருகலாம். ஆனால் அது அவர்கள் வானம், அவர்கள் ராத்திரி.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, என்ன கேட்டது. நிலையத்துக்கு அதை அனுப்பினால் பல நிலையங்கள் நாம் கேட்டதை உறுதிசெய்து க்யூ.எஸ்.எல் அட்டை என்று ஒரு படஅட்டை அனுப்புகின்றன, சில தபாலில், சில மின்னஞ்சலில். தரத்தைச் சொல்ல சின்போ என்று ஐந்து இலக்கங்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை: சிக்னல் பலம், பிற நிலையத் தொல்லை, கரகரப்பு, ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி. 5 என்றால் நன்று. 55555 என்று போட்டு அனுப்பாதீர்கள், நம்ப மாட்டார்கள். என்ன நிகழ்ச்சி, என்ன பாட்டு, யார் பேசினார் என்று நாலு வரி எழுதுங்கள். தேதியையும் யுடிசியில்தான் போட வேண்டும். நள்ளிரவு 12-க்கும் காலை 5.30-க்கும் நடுவில் நாம் கேட்டது அவர்கள் கணக்கில் இன்னும் முந்தின நாள். என் முதல் அறிக்கையில் இதைக் கோட்டை விட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கேட்டு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியதற்கு ஒரு நிலையத்திலிருந்து மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: நீங்கள் குறிப்பிட்ட நிகழ்ச்சி நீங்கள் குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய நாளே ஒலிபரப்பாகிவிட்டது, தயவுசெய்து சரிபார்க்கவும்.